வராத ஆளுக்காக வைத்த சாப்பாடு

எனக்கு ஒரு வினோதமான பழக்கம் உண்டு. சித்திரை வெயிலில், மின்விசிறி அனலை அள்ளி முகத்தில் வீசும் அறையில் உட்கார்ந்துகொண்டு, தென்துருவத்தில் யாரோ குளிரில் விறைக்கிற ஆவணப்படமாகத் தேடிப் பார்ப்பது. பக்கத்தில் ஒரு கிண்ணம் மிக்சர். ஒருநாள் அறை நண்பன் கேட்டேவிட்டான். "ஏன்டா, பரீட்சைக்கு மூணு நாள்தான் இருக்கு, காஸ்ட் அக்கவுண்டிங்ல ஒரு யூனிட்கூட முடிக்கல. நூறு வருஷத்துக்கு முன்னாடி செத்தவனுக்கு இப்ப எதுக்கு நீ மூக்கை உறிஞ்சுற?" நியாயமான கேள்வி. அப்போது பதில் சொல்லத் தெரியவில்லை. இந்தக் கட்டுரையை அவனுக்கான பதில் என்று வைத்துக்கொள்ளுங்கள். கொஞ்சம் நீளமான பதில்தான், பொறுத்தருள்க :-)

நான் பார்த்த துருவப் படங்களில் மூத்தது ஹெர்பர்ட் பான்டிங் எடுத்தது. 1910-ல் கிளம்பிய கேப்டன் ஸ்காட்டின் குழுவோடு போன புகைப்படக்காரர் இவர். துருவப் பயணம் எப்படி இருக்கும் என்று ஊர் மக்களுக்குக் காட்டுவதற்காக, ஸ்காட், வில்சன், பவர்ஸ், எட்கர் எவன்ஸ் நால்வரையும் ஒரு சின்னக் கூடாரத்துக்குள் உட்காரவைத்து, சமைத்து, சாப்பிட்டு, படுக்கைப் பைக்குள் புகுந்துகொள்வது வரை நடித்துக் காட்டச் சொல்லிப் படம் எடுத்தார். அந்த நான்கு பேரும் பிறகு துருவத்துக்குப் போய்த் திரும்பவில்லை. 1924-ல் 'தி கிரேட் ஒயிட் சைலன்ஸ்' என்று அது முழுநீளப் படமாக வந்தது. அந்தக் கூடாரக் காட்சியை என்னால் இரண்டாவது தடவை பார்க்க முடியவில்லை.

ஆனால் ஆவணப்படக்காரர்களின் செல்லப்பிள்ளை ஸ்காட் இல்லை, எர்னஸ்ட் ஷாக்கிள்டன்தான். 2000-ல் ஜார்ஜ் பட்லர் ஒரு படம் எடுத்தார். 2024-ல் நேஷனல் ஜியாகிரஃபிக் ஒன்று எடுத்தது. அதில் இறந்துபோனவர்களின் நாட்குறிப்பை அவர்கள் குரலிலேயே வாசிக்கவைக்க செயற்கை நுண்ணறிவைக்கூடப் பயன்படுத்தினார்கள். கதை உங்களில் பலருக்குத் தெரிந்திருக்கும். அண்டார்க்டிகாவை ஒரு கரையிலிருந்து மறு கரைக்கு, துருவம் வழியாக, சுமார் 2,900 கிலோமீட்டர் நடந்தே கடப்பது என்று ஷாக்கிள்டன் கிளம்புகிறார். 1915 ஜனவரியில் அவருடைய 'என்டூரன்ஸ்' கப்பல் வெட்டல் கடல் பனியில் சிக்கிக்கொள்கிறது. பத்து மாதம் பனி அதை நெரிக்கிறது. அக்டோபர் 27 அன்று கப்பலைக் கைவிடுகிறார்கள், நவம்பர் 21 அன்று அது மூழ்கியே போகிறது. மிதக்கும் பனிப்பாளத்தில் மாதக்கணக்கில் வாழ்க்கை, பிறகு மூன்று சின்னப் படகுகளில் எலிஃபண்ட் தீவு, அங்கிருந்து ஒரே படகில் ஆறு பேர் தெற்கு ஜார்ஜியா தீவுக்கு. கடைசியில் 1916 ஆகஸ்ட் 30-ல், கூடப் போன 27 பேரில் ஒருவரையும் சாகவிடாமல் மீட்டுவிடுகிறார். எத்தனை முறை பார்த்தாலும் அந்தக் கடைசிக் காட்சியில் எனக்குப் புல்லரிக்கும்.

ஒரு சின்ன இடைச்செருகல். அந்த மூன்று படகுகளின் பெயர் ஜேம்ஸ் கேர்ட், டட்லி டாக்கர், ஸ்டான்கம்ப் வில்ஸ். மூன்றுமே பணம் கொடுத்த புரவலர்களின் பெயர்கள்! கேர்ட் 24,000 பவுண்டு கொடுத்தார்; பிரிட்டிஷ் அரசாங்கமே 10,000 தான் கொடுத்தது. கிரிக்கெட் சட்டையில் ஸ்பான்சர் பெயர் போடுகிறார்களே என்று சலித்துக்கொள்கிறோம், உயிர்காக்கும் படகில் நூறு வருடம் முன்பே போட்டிருக்கிறார்கள்.

சினிமாவும் இந்தக் கணக்கில் ஒரு வரவு இனம்தான். பயணத்தின் திரைப்பட உரிமையைக் கப்பல் கிளம்பும் முன்பே விற்றுப் பணம் திரட்டியிருந்தார் ஷாக்கிள்டன். அதனால்தான் ஃபிராங்க் ஹர்லி என்ற ஆஸ்திரேலிய ஒளிப்பதிவாளர் கூடவே போனார். கப்பல் நொறுங்கிக்கொண்டிருந்தபோது, ஹர்லி மேல்சட்டையைக் கழற்றிவிட்டு உள்ளே தேங்கிய பனிநீருக்குள் இறங்கி, கண்ணாடி நெகட்டிவ்கள் இருந்த பெட்டிகளை வெளியே எடுத்தார். எல்லாவற்றையும் சுமக்க முடியாது. அவரும் ஷாக்கிள்டனும் பனியில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பார்த்து, சுமார் 120 தகடுகளை வைத்துக்கொண்டு, 400 தகடுகளை அங்கேயே உடைத்துப் போட்டார்கள். ஏன் உடைக்க வேண்டும்? மனசு கேட்காமல் திரும்பிப்போய் எடுத்துவந்துவிடக் கூடாது என்றுதான். அந்த 120-ம், கூடவே காப்பாற்றிய படச்சுருளும் இல்லாவிட்டால் நான் பார்த்த எந்த ஷாக்கிள்டன் படமும் இல்லை. அந்தச் சுருள் 'சவுத்' என்ற படமாக 1919-ல் வெளிவந்தது. அந்த டிசம்பரில் தொடங்கி மாதக்கணக்கில், லண்டனில் நாளுக்கு இரண்டு காட்சி, திரைக்குப் பக்கத்தில் நின்று ஷாக்கிள்டனே கதை சொன்னார். தன் கப்பல் நொறுங்குவதைத் தினமும் இரண்டு தடவை பார்ப்பதென்றால் சும்மாவா?

இவ்வளவும் ஒரு பக்கம். நான் சொல்லவந்தது மறுபக்கம்.

கண்டத்தைக் கடப்பதில் ஒரு எளிய கணக்கு இடிக்கிறது. 2,900 கிலோமீட்டருக்கு வேண்டிய உணவையும் எரிபொருளையும் முழுக்கக் கூடவே இழுத்துக்கொண்டு போக முடியாது. பாதி தூரத்துக்குத்தான் சரக்கு தாங்கும். மீதிப் பாதிக்கு, எதிர்க்கரையிலிருந்து இன்னொரு குழு முன்கூட்டியே வந்து, வழி நெடுக 'டெப்போ' வைத்துவிட்டுப் போக வேண்டும். (பஸ் டெப்போ, மர டெப்போ என்கிறோமே, அதே சொல். ஆனால் இங்கே அது ஒரு பனிக் குவியல், அதன் மேல் ஒரு கொடி, உள்ளே சில வார உணவும் மண்ணெண்ணெயும்.) இந்த வேலைக்காக 'அரோரா' என்ற இரண்டாவது கப்பலில் ராஸ் கடல் பக்கமாக ஒரு குழு போனது. நான் பார்த்த படங்களில் இவர்களுக்குக் கிடைப்பது ஒன்றிரண்டு வரிகள்தான். முதல் தடவை அந்த வரிகளைக் கேட்டபோது படத்தை நிறுத்திவிட்டு, "இரு இரு, அப்போ அவங்க என்ன ஆனாங்க?" என்று நானே சத்தமாகக் கேட்டேன். பிறகு புத்தகங்களில்தான் தேட வேண்டியிருந்தது.

இவர்கள் கதை ஆரம்பமே பற்றாக்குறை. தலைவர் ஏனியஸ் மாக்கிண்டோஷ், ஷாக்கிள்டனின் முந்தைய பயணத்தில் சரக்கு இறக்கும்போது கொக்கி பட்டு வலது கண்ணை இழந்தவர். 1914-ல் ஆஸ்திரேலியா வந்து சேர்ந்தால், ஒதுக்குவதாகச் சொன்ன 2,000 பவுண்டு பாதியாகக் குறைந்து 1,000 ஆகியிருக்கிறது. மிச்சத்தை இலவச நன்கொடையாகக் கேட்டு வாங்கிக்கொள், கப்பலை அடமானம் வை என்று உத்தரவு. அடமானம் வைக்கப் போனால் கப்பலை வாங்கிய பத்திரமே இன்னும் முழுசாக முடியவில்லை! என் பாடப்புத்தகத்தில் செயல்பாட்டு மூலதனம் பற்றி எட்டுப் பக்கம் இருக்கிறது. அதற்குப் பதில் இந்த ஒரு சம்பவத்தைப் போட்டிருந்தால் எனக்கு நன்றாகவே புரிந்திருக்கும்.

ஆள் பற்றாக்குறையும் இருந்தது. சிட்னியில் கடைசி நேரத்தில் சேர்ந்தவர்களில் ஒருவர் டிக் ரிச்சர்ட்ஸ், ஆஸ்திரேலியாவின் பென்டிகோ பகுதிக்காரர், அறிவியல் ஆசிரியர். வயது 21. பனியில் முன் அனுபவம் பூஜ்யம். இந்தக் கதையில் நான் அடிக்கடி இவரையே பார்த்துக்கொண்டிருந்தேன், காரணம் வயதுதான்.

1915 ஜனவரியில் போய்ச் சேர்ந்ததுமே அவசரம். ஷாக்கிள்டன் அந்தப் பருவத்திலேயே கடந்து வந்துவிடலாம், ஆகவே 80 டிகிரி அட்சரேகை வரை டெப்போ உடனே தேவை என்று மாக்கிண்டோஷ் நம்பினார். உண்மையில் அந்த வருடம் கடக்க முடியாது என்று ஷாக்கிள்டன் கிளம்பும் முன்பே முடிவுக்கு வந்துவிட்டார். அந்தச் செய்தி மாக்கிண்டோஷுக்கு வந்து சேரவில்லை. நாய்கள் பனிக்குப் பழகட்டும், கொஞ்சம் பொறுங்கள் என்று அனுபவசாலியான எர்னஸ்ட் ஜாய்ஸ் சொன்னதையும் அவர் கேட்கவில்லை. பருவம் முடிவதற்குள் பெரும்பாலான நாய்கள் செத்துப்போயின. மனிதர்கள் உறைபனியில் கன்றிய கைகால்களோடு திரும்பினார்கள்.

அடுத்த அடி மே மாதம். கேப் எவன்ஸ் என்ற இடத்தில், ஸ்காட் குழு கட்டிவிட்டுப் போன குடிசைக்கு எதிரே, அரோரா கரையோடு இரும்புவடத்தால் கட்டி நின்றது. கப்பல் இங்கேயேதானே இருக்கப் போகிறது என்று சரக்கில் பெரும்பகுதியை இறக்கவே இல்லை. 6-ம் தேதி இரவு ஒரு புயல். வடங்கள் அறுந்து, கப்பல் பனியோடு சேர்ந்து கடலுக்குள் போய்விட்டது. அதன் பிறகு 312 நாள் பனியில் சிக்கி மிதந்து, 1916 ஏப்ரலில்தான் நியூசிலாந்து போய்ச் சேர்ந்தது. கரையில் மிஞ்சியது பத்துப் பேர். மாக்கிண்டோஷும் கூட இருந்தவர்களும் அப்போது வேறு இடத்தில், கடல் உறைவதற்காகக் காத்திருந்தார்கள். ஜூன் 2-ல் கேப் எவன்ஸ் வந்த பிறகுதான் கப்பல் போன விஷயமே தெரியும்.

மாற்றுத்துணி கப்பலில். சோப்பு கப்பலில். உணவிலும் எரிபொருளிலும் பெரும்பகுதி கப்பலில். புதிய ஸ்லெட்ஜ் சாமான்கள் கப்பலில்.

இங்கேதான் எனக்குக் கதை பிடிபட்டது. இந்த இடத்தில் யாராக இருந்தாலும், "நம்மால் முடியாது, நாம் பிழைப்பதே பெரிது" என்று சொல்லியிருக்கலாம். யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். ஆனால் இவர்கள் ஸ்காட்டின் குடிசையைத் துழாவி, பழைய கித்தான் கூடாரத்தைக் கிழித்துக் கால்சட்டை தைத்தார்கள். சீல்களைக் கொன்று இறைச்சியை உணவாகவும் கொழுப்பை எரிபொருளாகவும் ஆக்கினார்கள். எர்னஸ்ட் வைல்ட் என்பவர் தேயிலை, காபித்தூள், மரத்தூள், காய்ந்த இலைதழை எல்லாம் கலந்து புகையிலைகூடத் தயாரித்தார் (சுவை எப்படி இருந்திருக்கும் என்று கேட்காதீர்கள்). ஏனென்றால் மறுபக்கத்தில் ஷாக்கிள்டன் வந்துகொண்டிருக்கிறார், இவர்கள் வைக்காவிட்டால் அவரும் கூட வருபவர்களும் செத்துவிடுவார்கள். அவர்களுக்குத் தெரிந்த உண்மை அவ்வளவுதான்.

1915 செப்டம்பரில் கிளம்பினார்கள். சரக்கை ஒரேயடியாக இழுக்க முடியாததால், கொஞ்சம் கொண்டுபோய் வைத்துவிட்டுத் திரும்பி வந்து மறுபடி எடுப்பது, மறுபடி திரும்புவது. ஒரு கிலோமீட்டர் முன்னேற மூன்று கிலோமீட்டர், ஐந்து கிலோமீட்டர் நடை. கடைசி டெப்போ வைக்க வேண்டிய இடம் 83 டிகிரி 30 நிமிடத்தில் உள்ள மவுண்ட் ஹோப், அதாவது நம்பிக்கை மலை. போக மட்டும் 600 கிலோமீட்டருக்கு மேல். ஜனவரியில் ஒரு ஸ்டவ் பழுதாக, மூன்று பேர் திரும்ப வேண்டியதாயிற்று. மிஞ்சியவர்கள் மாக்கிண்டோஷ், ஜாய்ஸ், வைல்ட், ரிச்சர்ட்ஸ், விக்டர் ஹேவர்ட், ஆர்னால்ட் ஸ்பென்சர்-ஸ்மித். கூடவே கான், கன்னர், ஆஸ்கர், டவ்சர் என்ற நான்கு நாய்கள்.

ஸ்பென்சர்-ஸ்மித் ஒரு பாதிரியார், குழுவின் புகைப்படக்காரரும் அவரே. 83 டிகிரி அருகே அவரால் நடக்க முடியவில்லை. ஸ்கர்வி. வைட்டமின் சி என்ற பொருளே கண்டுபிடிக்கப்படாத காலம். புது இறைச்சி சாப்பிட்டால் குணமாகும் என்பது மட்டும் தெரியும், ஆனால் அந்தப் பனிச்சமவெளியில் சீலுக்கு எங்கே போவது? ஒரு கூடாரம் அடித்து அவரைத் தனியே விட்டுவிட்டு மற்ற ஐவரும் மேலே போனார்கள். ஒரு வாரம் அந்த மனிதர் தனியாக, கண்ணுக்கெட்டிய தூரம் வெறும் வெள்ளையில் படுத்திருந்தார்.

1916 ஜனவரி 26. மவுண்ட் ஹோப்பில் கடைசி டெப்போ வைத்தாகிவிட்டது. 79 டிகிரியிலிருந்து அங்கே வரை வழி நெடுகச் சாப்பாடு தயார். சொன்ன வேலையைச் சொன்னபடி முடித்துவிட்டார்கள்.

என்டூரன்ஸ் மூழ்கி அன்றோடு இரண்டு மாதம் தாண்டியிருந்தது.

இந்த இரண்டு தேதிகளையும் முதல் தடவை ஒரு தாளில் பக்கத்துப் பக்கத்தில் எழுதிப் பார்த்தபோது நான் எழுந்து அறைக்குள் கொஞ்ச நேரம் நடந்தேன். ஷாக்கிள்டன் கண்டத்தின் மண்ணில் கால்கூட வைக்கவில்லை. இவர்களுக்குச் சொல்ல வழியில்லை. கம்பியில்லாத் தந்தி எட்டாத இடம்.

திரும்பும் பயணம் இன்னும் மோசம். ஸ்பென்சர்-ஸ்மித்தைப் படுக்கைப் பையோடு ஸ்லெட்ஜில் கட்டி இழுத்தார்கள். இழுத்தவர்களுக்கும் ஸ்கர்வி. ஈறு வீங்கி, முழங்கால் கறுத்து மடங்கிப்போன கால்கள். பிப்ரவரி நடுவில் ஒரு பனிப்புயல் அவர்களைக் கூடாரத்தில் நாள்கணக்கில் அடைத்துப்போட்டது. அடுத்த டெப்போ இருபது கிலோமீட்டர் சுமார்தான், ஆனால் போக முடியவில்லை, சாப்பாடு தீர்ந்துகொண்டே வருகிறது. நான்கு வருடம் முன்பு அதே பனிச்சமவெளியில், டெப்போவுக்கு 18 கிலோமீட்டர் இருக்கும்போதுதான் ஸ்காட் கூடாரத்துக்குள் செத்தார். அது அவர்கள் ஆறு பேருக்கும் நன்றாகத் தெரியும்.

23-ம் தேதி ஜாய்ஸ், ரிச்சர்ட்ஸ், ஹேவர்ட் மூவரும் நாய்களோடு புயலுக்குள்ளேயே கிளம்பினார்கள். வைல்ட், நடக்க முடியாத இருவருக்கும் துணையாக இருந்துகொண்டார். 26-ல் டெப்போவை எட்டி, 29-ல் உணவோடு திரும்பி வந்தார்கள். அந்த நான்கு நாய்கள் இல்லாவிட்டால் ஒருவரும் மிஞ்சியிருக்க மாட்டார்கள். இதற்குள் மாக்கிண்டோஷாலும் நடக்க முடியவில்லை. பிறகு ஹேவர்டும் தள்ளாட, அவரையும் பார்த்துக்கொள்ள வேண்டிய நிலை. ஒரு கட்டத்தில் மாக்கிண்டோஷைக் கூடாரத்தில் விட்டுவிட்டு மற்ற இருவரை முதலில் கொண்டுபோனார்கள். மார்ச் 9 அன்று, கரைக் குடிசைக்கு இரண்டு நாள் தூரத்தில் ஸ்பென்சர்-ஸ்மித் இறந்தார். சுமார் நாற்பது நாள் அவரை இழுத்து வந்திருந்தார்கள்.

பிறகு மாக்கிண்டோஷையும் போய் அழைத்துவந்தார்கள். ஹட் பாயின்ட் குடிசையில் சீல் இறைச்சி தின்று எல்லோரும் தேறினார்கள். கதை இங்கே முடிந்திருக்கலாம். ஆனால் மே 8 அன்று மாக்கிண்டோஷும் ஹேவர்டும், மற்றவர்கள் தடுத்தும் கேட்காமல், இன்னும் சரியாக உறையாத கடல் பனி மீது கேப் எவன்ஸுக்கு நடக்கத் தொடங்கினார்கள். சிறிது நேரத்தில் புயல். பிறகு போய்ப் பார்த்தபோது காலடித் தடம் பனியின் விளிம்போடு முடிந்திருந்தது. இரண்டு நாள் கழித்து, மே 10-ல், ஷாக்கிள்டன் தெற்கு ஜார்ஜியாவில் கரையேறினார். ஆவணப்படங்களில் இசை உச்சத்துக்குப் போகும் இடம் அது.

'ஒருவரைக்கூட இழக்காத தலைவர்' என்று ஷாக்கிள்டனை மேலாண்மைப் பாடத்தில்கூட உதாரணம் காட்டுகிறார்கள். ஒரு கப்பலுக்கு அது சரி. இரண்டு கப்பலையும் ஒரே பேரேட்டில் எழுதினால் மூன்று பேர் கணக்கில் வருகிறார்கள். ஷாக்கிள்டன் மேல் எனக்கு மரியாதை குறையவில்லை, 1917 ஜனவரி 10-ல் அரோராவில் அவரும் வந்துதான் எஞ்சிய ஏழு பேரையும் மீட்டார்கள். ஆனால் அந்த வாக்கியத்தை இப்போது கேட்டால் எனக்கு உள்ளே ஏதோ உறுத்துகிறது.

இன்னொன்று. எர்னஸ்ட் வைல்டின் அண்ணன் ஃபிராங்க் வைல்ட். எலிஃபண்ட் தீவில் கவிழ்த்துப்போட்ட படகுக்கு அடியில் 21 பேரைக் கட்டிக்காத்தவர் அவர்தான், எல்லாப் படத்திலும் வருவார். கண்டத்தின் அந்தப் பக்கம் அண்ணன், இந்தப் பக்கம் தம்பி, ஒருவர் கதி மற்றவருக்குத் தெரியாது. தம்பி உயிரோடு மீண்டு, உலகப்போரில் கடற்படைக்குத் திரும்பி, 1918-ல் மால்டாவில் டைஃபாய்டில் இறந்தார். 1923-ல் அவருக்கும் ஹேவர்டுக்கும் இறந்த பின்னும், ஜாய்ஸுக்கும் ரிச்சர்ட்ஸுக்கும் நேரிலும் ஆல்பர்ட் பதக்கம் கொடுத்தார்கள்.

இவர்களுக்கு ஏன் படம் இல்லை? எனக்குத் தோன்றும் காரணம் ரொம்பச் சாதாரணமானது. அங்கே ஹர்லி இல்லை. பசியும் ஸ்கர்வியும் இழுவையும் நடந்த இடத்தில் கேமராவைப் பிடிக்க ஆளில்லை. புகைப்படக்காரரே ஸ்லெட்ஜில் படுத்திருந்தார். படம் பிடிக்கப்பட்ட கஷ்டம்தான் நமக்கு மிக்சரோடு வந்து சேர்கிறது.

வணிகவியல் பாடத்தில் மூழ்கிய செலவு என்று ஒன்று படிக்கிறோம். செலவழித்துவிட்டாய், திரும்ப வராது, இனி அதை நினைத்து முடிவெடுக்காதே. அந்தக் கணக்குப்படி மவுண்ட் ஹோப் டெப்போ முழு நஷ்டம். ஒருவரும் அதிலிருந்து ஒரு பிஸ்கட்கூட எடுக்கவில்லை. எந்தத் தலைப்பில் எழுதினாலும் பற்றுதான், வரவே இல்லை. டிக் ரிச்சர்ட்ஸ் குழுவில் கடைசி ஆளாக 1985 வரை வாழ்ந்தார். வயதான காலத்திலும் அவர் அதை வீண் வேலை என்று ஒப்புக்கொள்ளவில்லை. முதலில் இது ஆறுதலுக்குச் சொன்னது என்று நினைத்தேன். இப்போது அப்படி நினைக்கவில்லை. 1916 ஜனவரியில் ஷாக்கிள்டன் வந்துகொண்டிருக்கிறார் என்று நம்பியவனுக்கு அதைத் தவிர வேறென்ன சரியான வேலை இருந்திருக்க முடியும்? அவருக்கு அப்போது வயது 22. எனக்கு இப்போது அதே வயது. மூன்று நாளில் வரும் பரீட்சைக்கே என்னால் உட்கார முடியவில்லை.

2013-ல் ஒரு செய்தி வந்தது. கேப் எவன்ஸ் குடிசையைப் பழுதுபார்த்துப் பாதுகாக்கும் நியூசிலாந்துக்காரர்கள், பான்டிங் பயன்படுத்திய இருட்டறையில், ஒன்றோடொன்று ஒட்டிப்போன ஒரு சின்ன நெகட்டிவ் கட்டியைக் கண்டெடுத்தார்கள். பிரித்துக் கழுவிப் பார்த்தால் 22 படங்கள். ராஸ் கடல் குழு எடுத்தவை, கிட்டத்தட்ட நூறு வருடம் அங்கேயே கிடந்திருக்கின்றன. ஓரங்கள் அரித்து, பூஞ்சை பட்ட மாதிரி கறைகள். ஒன்றில் குழுவின் விஞ்ஞானி அலெக்சாண்டர் ஸ்டீவன்ஸ் அரோராவின் மேல்தளத்தில் இரண்டு கையையும் இடுப்பருகே வைத்து நிற்கிறார். அது இன்னும் கப்பல் கூட இருந்த காலம். அந்தப் படத்தைப் பெரிதாக்கி என் கணினித் திரையில் வைத்திருக்கிறேன். அறை நண்பன் நேற்று பார்த்துவிட்டு, "இது யாரு, உங்க தாத்தாவா?" என்றான்.